காலைப் பழக்கூழும் முன்னேற்பாடும்

பத்துக் கன்னிகைகளின் உவமையை அறியாதார் நம் கலாசாலையில் இரார். பதின்மர் கையிலும் தீவட்டி இருந்தது. பதின்மரும் நித்திரை செய்தனர். நடுராத்திரியில் எழுந்த கூக்குரல் பதின்மர் செவியிலும் விழுந்தது. ஐவருக்கு மாத்திரம் எண்ணெய் முன்னமே பாத்திரத்தில் இருந்தது. அவர்களுக்கும் மற்றையோருக்கும் இருந்த பேதம் இவ்வளவே. அவ்வுவமையின் ஆன்மிகப் பொருளை விரித்துரைக்கத் தகுதியுடையார் பலர் உளர். அடுக்களையில் அதன் உண்மை நாடோறும் விளங்குவதைக் காட்டுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

உத்தியோகத்திற்குச் செல்லும் பெற்றோரும், பள்ளிக்கும் கலாசாலைக்கும் செல்லும் பிள்ளைகளும் உள்ள வீட்டில், காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் எத்தகையது என்பதை யாவரும் அறிவர். ஒருவர்க்கு ரயில், மற்றொருவர்க்குப் பள்ளி வண்டி, வேறொருவர்க்கு இன்னும் முடியாத வீட்டுப்பாடம். மூத்த பிள்ளை ஒரு குவளை தேநீரோடு புறப்பட்டுவிடுகிறான். எல்லார்க்கும் உணவுப் பெட்டி கட்டித் தந்த தாய், தான் ஒன்றும் உண்ணாமலே வாயிற்கதவைப் பூட்டுகிறாள். முதல் மணி வகுப்பில் பசியினால் கவனம் சிதறி அமர்ந்திருக்கும் மாணாக்கரை ஆசிரியர் அனைவரும் கண்டிருப்பர். இக்குறையை ஓரளவு நீக்கவல்லது, ஸ்மூதி என இக்காலத்தில் வழங்கப்படும் பானம். அதனை ஈண்டுப் பழக்கூழ் என்போம்.

பழக்கூழ் வேறு, பழச்சாறு வேறு. சாறு பிழியுங்கால் பழத்தின் நார்ப்பொருளில் பெரும்பகுதி சக்கையோடு கழிந்துவிடுகிறது. கூழிலோ பழம் முழுவதும் அரைபட்டு உள்ளேயே தங்குகிறது. அதனுடன் தயிரோ பாலோ, சிறிது வேர்க்கடலையோ கேழ்வரகுக் கஞ்சியோ சேருமாயின் அது வெறும் தாகசாந்தியாய் இராமல் ஆகாரமாகிறது. நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராமுக்குக் குறையாமல் காய்கனிகளை உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிகளில், நாளுக்கு 100 கிராம் பழம் என்று அளவு கூறியுள்ளது. காலை வேளையிலேயே அந்த 100 கிராமையும் உட்கொள்வதற்குப் பழக்கூழ் ஓர் எளிய வழியாம்.

ஆயின் விடியற்காலையில் மாம்பழத்தைத் தோல் சீவி, அன்னாசியின் முள் களைந்து, கீரை ஆய்ந்து கொண்டிருப்பதற்கு நேரம் ஏது? முன்னேற்பாடு இன்றியமையாததாவது இங்கேதான். அதனைச் செம்மையாய்ச் செய்யக் கருதுவோர் முதற்கண் அறியவேண்டியது ஒன்றே: எப்பொருள் காத்திருக்கும், எப்பொருள் காத்திராது என்பது.

அறுத்த பழத்தைக் கெடுக்கும் பகைகள் மூன்று. முதலாவது, கண்ணுக்குப் புலனாகாத கிருமிகள். இரண்டாவது, பழத்தினுள்ளேயே இருக்கும் நொதிகள். பழத்தைக் காயினின்று கனியச் செய்யும் இவையே, கனிந்த பின்னும் ஓயாமல் வேலை செய்து அதனை அழியச் செய்கின்றன. மூன்றாவது காற்று. அறுத்த வாழைப்பழம் சற்று நேரத்தில் கறுப்பது, அதிலுள்ள ஒரு நொதியும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடிச் செய்யும் செயலாகும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அந்நொதியை அடக்குவதனால், அச்சாற்றில் சில துளிகள் தடவிய துண்டங்கள் எளிதில் கறுப்பதில்லை.

இம்மூன்று பகைகளையும் ஒருங்கே தளர்த்துவது கடுங்குளிர். பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் கிருமிகள் பெருகுவதில்லை. நொதிகளின் வேலையும் மிக மந்தமாகிறது. எனினும் பெரும்பாலான கிருமிகள் அக்குளிரில் மடிவதில்லை, உறங்குகின்றன என்பதை மறத்தலாகாது. உறைந்த பொருள் உருகியதும் அவை மீண்டும் விழித்தெழும். ஆதலால், கழுவாத பழத்தைக் குளிர் தூய்மையாக்கிவிடும் என்று எண்ணுதல் பிழையாகும்.

உறைய வைத்தலிலும் விரைவு, தாமதம் என இருவகை உண்டு. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர் லாப்ரடார் நாட்டில் தங்கியிருந்தபோது, அந்நாட்டுப் பழங்குடி மக்கள் பிடித்த மீன்கள் கடுங்குளிர்க் காற்றில் நொடிப்பொழுதில் உறைவதையும், பின்னர்ச் சமைக்குங்கால் புதுமீன்போலவே சுவைப்பதையும் கண்டார். அவர் முயற்சியால் விரைந்து உறையவைத்த உணவுகள் 1930-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. விரைந்து உறைந்தால் பழத்தினுள் தோன்றும் பனித்துகள்கள் சிறியவாகும். மெல்ல உறைந்தால் அவை பெரியவாகிப் பழத்தின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். வீட்டுக் குளிர்பெட்டியில் உறைந்த பழம் உருகியபின் குழைந்து நீர்விடுதற்குக் காரணம் இதுவே. தட்டில் வைத்து உண்பதற்கு இது குறையாயினும், எப்படியும் அரைபடப்போகும் பழத்திற்கு இது குறையன்று. ஆதலால் சாதாரண வீட்டுச் சாதனமே பழக்கூழுக்குப் போதுமானது.

இனிச் செய்முறையைக் கூறுவோம். நன்கு கனிந்த, அடிபடாத பழங்களைத் தேர்ந்து, ஓடும் நீரில் முழுப்பழமாகவே கழுவுக. கையும் கத்தியும் பலகையும் தூய்மையாய் இருத்தல் வேண்டும். மீனும் இறைச்சியும் அரிந்த பலகை ஆகாது. மாம்பழம், பப்பாளி, அன்னாசி, சப்போட்டா ஆகியவற்றைத் தோலும் கொட்டையும் நீக்கி ஓரங்குலத் துண்டங்களாக்குக. வாழைப்பழத்தையும் தோல் உரித்தே உறைய வைத்தல் வேண்டும். தோலோடு உறைந்தால் அது கறுத்து இறுகி உரிக்க வராது. துண்டங்களை ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, அவை கெட்டியாகும்வரை உறையவைத்துப் பின்னர் மூடியுள்ள பாத்திரங்களில் இடுக. இவ்வாறு செய்யாது குவியலாய் வைத்தால் அனைத்தும் ஒரே பாறையாய் இறுகிவிடும். வெயில் மிகுந்த நம் நாட்டில் அறுத்த பழத்தை வெளியே நெடுநேரம் வைத்தலாகாது. அறையின் வெப்பம் 32 டிகிரிக்கு மேற்படின் ஒரு மணி நேரமே எல்லையென்று கொள்க. பாத்திரத்தின்மேல் தேதி குறித்து, ஒரு மாதத்திற்குள் செலவிடுதல் நலம்.

கீரை சேர்க்க விரும்புவோர் அதனைப் பச்சையாய் உறைய வைத்தலாகாது. பழத்தைவிடக் கீரையின் நொதிகள் நிறத்தையும் மணத்தையும் விரைவில் கெடுப்பன. பாலக்கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிஷம் இட்டு, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பிழிந்து, பனிக்கட்டித் தட்டின் குழிகளில் அடைத்து உறையவைக்க வேண்டும். காலையில் ஒரு கட்டி எடுத்தாற் போதும்.

தானியத்திற்கும் முன்னேற்பாடு உண்டு. கேழ்வரகை இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, இளவறுப்பாய் வறுத்து மாவாக்கி வைப்பது நம் பாட்டிமார் கண்ட வழி. முளைக்குங்கால் தோன்றும் நொதி மாச்சத்தை உடைப்பதனால், அம்மாவின் கஞ்சி மிகுதியாய்த் தடிப்பதில்லை. ஆகவே குறைந்த நீரில் மிகுந்த மாவைச் சேர்த்தல் கூடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆயினும் மாவைப் பச்சையாய்ப் பானத்தில் கலத்தலாகாது. கஞ்சியாய்க் காய்ச்சி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாட் காலையில் பழத்துடன் அரைத்தல் முறையாகும்.

இவை காத்திருக்கும் பொருள்கள். காத்திராதவற்றையும் அறிதல் வேண்டும். பாலையும் தயிரையும் உறையவைத்தால் அவை திரிந்து நீர் பிரியும். அவற்றைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் காலையில் சேர்ப்பதே நன்று. அன்னாசியைப் பாலோடு கலந்து வைத்தல் ஒருபோதும் ஆகாது. அப்பழத்தில் புரதத்தை அறுக்கும் ஒரு நொதி உண்டு. அது பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். பப்பாளிக்கும் இக்குணம் உண்டு. உறைய வைப்பதால் அந்நொதி அழிவதில்லை. ஆகவே இவ்விரண்டையும் பாலுடன் அரைத்தால் அரைத்த உடனே பருகிவிடவேண்டும்.

சேர்க்கையிலும் கவனம் வேண்டும் என்பதை 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. திராட்சை, ஆப்பிள், கொக்கோ முதலியவற்றில் பிளவனால் என்னும் நற்பொருள்கள் உள்ளன. வாழைப்பழம் சேர்ந்த கூழைப் பருகியோர் உடலில் அப்பொருளின் அளவு, வாழைப்பழம் சேராதவாறு அதனை உட்கொண்டபோது இருந்ததினும் 84 விழுக்காடு குறைந்திருந்தது. வாழைப்பழத்தைக் கறுக்கச் செய்யும் அதே நொதியே இதற்கும் காரணமென்று ஆராய்ச்சியாளர் கருதினர். இதனால் வாழைப்பழம் தீயதென்று கொள்ளலாகாது. திராட்சையின் முழுப்பயனை நாடுவோர் அதனை மாம்பழத்தோடோ தயிரோடோ சேர்க்க வேண்டும் என்பதே கருத்து.

நால்வர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வாரக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர்க்கு 100 கிராம் வீதம் ஒரு காலைக்கு 400 கிராம்; ஐந்து வேலைநாட்களுக்கு, தோலும் கொட்டையும் நீக்கியபின் 2 கிலோகிராம் பழம். ஒரு நாளைக்கு ஒரு பாத்திரமாக ஐந்து பாத்திரங்களில் பகிர்ந்து வைத்துவிட்டால், காலையில் ஒன்றைத் திறந்து மிக்ஸியிலிட்டுத் தயிரூற்றி அரைப்பதே எஞ்சிய வேலை.

இங்கே ஒன்று கூற விரும்புகிறோம். முன்னேற்பாடு என்ற பெயரால் காலையில் தாய் பட்ட பாட்டைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றி வைப்பது மாத்திரம் சீர்திருத்தமாகாது. விடியற்காலை அவசரத்தில் ஒருவரே செய்யவேண்டியதாயிருந்த வேலையை, ஓய்வுள்ள மாலையில் நால்வரும் பகிர்ந்து செய்யலாம். தந்தை அன்னாசியை அரியலாம். மகன் மாம்பழம் சீவலாம். சிறுமி தேதி எழுதி ஒட்டலாம். கத்தி பிடிப்பதனால் எந்த ஆண்மகனுக்கும் கௌரவம் குறைந்ததில்லை. விடுதியில் தம் துணியைத் தாமே துவைக்கும் மாணாக்கர், விடுமுறைக்கு வீடு சென்றதும் அடுக்களை வாயிலில் நின்றுவிடுவது ஏன்?

குளிர்பெட்டி இல்லாத வீடுகளும் பல. அவர்கட்கு இக்கட்டுரை பயனற்றதன்று. முளைகட்டிய கேழ்வரகு மாவும், வறுத்த வேர்க்கடலையும், பேரீச்சம்பழமும் குளிரை வேண்டாமலே காத்திருக்கும். ஈரம் படாத மூடிய டப்பா போதும். பூசணம் பூத்த கடலையை மாத்திரம் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு தோன்றக்கூடும். காலையில் கஞ்சி காய்ச்சி ஆற்றி, ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து மோரோடு கலந்தால், யந்திரமின்றியே பழக்கூழ் ஆயிற்று.

குளிர்பெட்டி உள்ளோர்க்கோ மின்சாரத் தடை ஓர் இடையூறு. ஊருக்குச் சென்று திரும்புவோர், தாம் இல்லாதபோது பழம் உருகி மீண்டும் உறைந்ததா என்று அறிய ஓர் உபாயம் உண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்க. திரும்பி வருங்கால் நாணயம் மேலேயே இருப்பின் பயமில்லை. அடியில் அமிழ்ந்திருப்பின், பனிக்கட்டி உருகியதென்று தெளிந்து, பழத்தை விலக்குக.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள். அரைத்த பழத்தை மெல்லாது விழுங்கிவிடுவதால் அளவு மிஞ்சுதல் எளிது. பிரித்தானியாவின் பொதுச் சுகாதாரத் துறையினர், பழச்சாறும் பழக்கூழும் சேர்ந்து நாளுக்கு 150 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்கின்றனர். சர்க்கரை சேர்த்தல் வேண்டா. கனிந்த பழத்தின் இனிப்பே அமையும். ஒரு வயது நிரம்பாத குழவிக்குத் தேன் கலந்த எதனையும் கொடுத்தலாகாது. நீரிழிவு உடையோரும் சிறுநீரக நோயுடையோரும் வைத்தியரைக் கேட்டே இதனைப் பருக வேண்டும். பல் முளைத்த பிள்ளைகள் பழத்தைக் கடித்து மென்று உண்ணும் வழக்கத்தையும் கைவிடலாகாது.

உவமையில் வரும் எண்ணெய் நடுராத்திரியில் இரவல் கிடைக்கவில்லை. காலையில் இழந்த அரைமணி நேரமும் அத்தகையதே. அயலாரிடம் அதனைக் கடன் வாங்க முடியாது. முந்தின மாலையிலேதான் அதனைச் சேமித்தல் கூடும். அவ்வாறு சேமித்த வீட்டில் பிள்ளைகள் பசியாறிப் புறப்படுவர் என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன் மற்றொன்று உண்டு: பூட்டும் திறவுகோலுமாய் வாயிலில் நின்ற தாய், அன்று தானும் ஒரு குவளையைக் கையில் ஏந்தி, பிள்ளைகளோடு ஐந்து நிமிஷமேனும் உட்கார்ந்திருப்பாள்.