காத்திவாக்கமும் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும்

ஒரு நிலத்தை இன்ன காரியத்திற்கு உபயோகிக்கலாம், இன்னதற்கு உபயோகிக்கலாகாது என்று நிர்ணயிக்கும் அதிகாரம் ஒரு சர்க்கார் ஸ்தாபனத்தினிடம் இருக்குமாயின், அது வேலை செய்யும் முறையை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம். இதற்குச் சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்துள்ள காத்திவாக்கம் நல்லதோர் உதாரணமாகும்.

முற்காலத்தில் இப்பக்கத்துக் கடற்கரை மக்களுக்கு மீன்பிடிப்பும் உப்பளங்களுமே ஜீவனமாக இருந்தன. 1948-ல் எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலை ஏற்பட்டது. 1960-களில் அருகிலுள்ள மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தோன்றிற்று. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் வேலை தொடங்கி, 2017-ல் மூடப்பட்டது. இம்மூன்றும் வந்த காலத்தில் பெருநகர் முழுமைக்கும் திட்டம் வகுக்க ஒரு ஸ்தாபனம் இல்லை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1972-ல் தோன்றி, பின்னரே சட்டபூர்வமான அமைப்பாயிற்று. ஆகவே, ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட ஆலைகளை ஒட்டியே அது இவ்வட்டாரத்திற்குத் திட்டம் வகுக்க நேர்ந்தது. திட்டம் முந்தினால் நிலத்திற்குத் தக்க தொழில் அமையும். தொழில் முந்தினால் திட்டம் அதன் பின்னே செல்லும்.

குழுமத்தின் முக்கிய வேலை பெருந்திட்டம் தயாரிப்பது. 2008-ல் அமலுக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டம் 2026-ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டு, 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குடியிருப்பு, வியாபாரம், தொழில், விவசாயம் முதலிய பகுதிகளாகப் பிரித்தது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனி விதிகள் உண்டு. 1996-ல் கொத்தவால்சாவடி மொத்தக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டிற்கு மாறியதும் இக்குழுமத்தின் ஏற்பாட்டினாலேயே. ஆயினும் எல்லாக் காரியங்களும் அதனுடையவை அல்ல. தெருவும் குப்பையும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. காத்திவாக்கம் நகராட்சி 2011-ல் அம்மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆற்றில் ஆலைக்கழிவு கலவாமல் காப்பது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. எந்தக் குறைக்கு எவரிடம் மனுச் செய்வது என்பதை அறியாமையால் காலம் வீணாகிறது.

1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் குடியானவர்கள் அறிய வேண்டியவை நான்கு. ஒன்று, நிலத்தைப் பயிர்த்தொழிலுக்கு உபயோகிப்பது அபிவிருத்தி வேலையாகக் கருதப்படாது. அதற்கு அநுமதி வேண்டுவதில்லை. இரண்டு, அந்நிலத்தில் மனை பிரிக்கவோ ஆலை கட்டவோ முன் அநுமதி பெறவேண்டும். மூன்று, பெருந்திட்டத்தின் நகல் பிரசுரமானதும் ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாதத்திற்குக் குறையாத தவணை உண்டு; அதை எழுத்து மூலமாகவே தெரிவிக்கவேண்டும். நான்கு, பொதுக்காரியத்திற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்போ, பேசி முடித்த கிரயமோ மூன்று வருஷத்திற்குள் ஏற்படாவிடில், 38-வது பிரிவின்படி அந்நிலம் ஒதுக்கீட்டினின்று விடுபட்டதாகும்.

இவ்விஷயம் காத்திவாக்கத்தாருக்கு மாத்திரம் உரியதன்று. 2022-ல் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டு ஜில்லாக்களின் நஞ்சை புஞ்சைக் கிராமங்கள் பல இதனுள் அடங்கும். எனவே இக்கிராமங்களில் நிலம் வாங்குவோரும் விற்போரும் சர்வே எண்ணைக் கொண்டு அது எப்பகுதியில் அடங்கியது என முதலில் விசாரித்துக் கொள்க. அறிவிப்பு வெளியானதும் கிராம அதிகாரிகள் அதை ஊராருக்குப் படித்துக் காட்டி, தவணைக்குள் மனுக்கள் போய்ச் சேரும்படி செய்வார்களாயின், ஏரியும் வாய்க்காலும் மேய்ச்சல் நிலமும் வரைபடத்தில் தத்தம் இடத்தை இழவாதிருக்கும்.