செயின்சா வாங்கியாச்சு... கையேட்டைப் படித்தீர்களா?

2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா. இந்தப் புயல்களில் சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழி ஏற்படுத்திய செயின்சாவை எல்லோரும் டிவியில் பார்த்திருப்போம். இன்று அதே இயந்திரத்தின் சிறிய வடிவம் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. திருவண்ணாமலையில் வேம்பு, முருங்கை, தென்னை என்று ஏதாவது ஒரு மரமாவது நிற்கும் வீடுகள் நிறைய. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கிளைகளைக் கழிக்க நினைப்பவர்கள் இதை வாங்குகிறார்கள்.

ஆனால் பெட்டிக்குள் முழுமையான கையேடு பல சமயம் இருப்பதில்லை. இருந்தாலும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இங்குதான் நீங்கள் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் கை கொடுக்கும்.

கையேட்டைத் தேடுங்கள்

இயந்திரத்தின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் மாடல் எண் இருக்கும். அதை அப்படியே கூகுளில் டைப் செய்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'மேனுவல் பிடிஎப்' என்று சேர்த்துத் தேடுங்கள். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்வது நல்லது. கையேடு என்ற பெயரில் '.இஎக்ஸ்இ' என முடியும் பைல் வந்தால் திறக்கவே வேண்டாம். அது வைரஸாக இருக்கலாம். ஆங்கிலம் சிரமம் என்றால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் பைலைக் கொடுத்துத் தமிழில் படிக்கலாம். எண்களையும் அளவுகளையும் மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

எக்செல் கணக்குப் போடும்

பெட்ரோல் செயின்சாக்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகை. பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். சில மாடல்களுக்கு 50:1, சிலவற்றுக்கு 25:1. உங்கள் மாடலுக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். எக்செல்லில் பி1 கட்டத்தில் பெட்ரோல் லிட்டரையும், பி2 கட்டத்தில் 50 அல்லது 25 என்றும் டைப் செய்யுங்கள். பி3 கட்டத்தில் =பி1*1000/பி2 என்று கொடுங்கள் (எழுத்துகள் ஆங்கிலத்தில்). எத்தனை மில்லி ஆயில் என்று விடை வரும். ஒரு லிட்டருக்கு 50:1 என்றால் 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து இன்ஜின் இறுகிவிடும். பங்க் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள்.

அதே ஷீட்டில் தேதி, ஓடிய நேரம், செய்த வேலை என மூன்று காலம் போட்டுப் பராமரிப்புப் பதிவும் வைக்கலாம். அதில் எழுத வேண்டியவை:

* செயின் இழுவிசை: இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு (மின்சார மாடல் என்றால் பிளக் அல்லது பேட்டரியை எடுத்துவிட்டு) பாருங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் சுலபமாக ஓடவும் வேண்டும்.
* கூர்மை: மரத்தூள் செதில் செதிலாக விழுந்தால் சரி. மாவு மாதிரி விழுந்தால் உருண்டை அரத்தால் தீட்டும் நேரம். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தீட்டுங்கள்.
* செயின் ஆயில்: இது தனி டேங்க். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் இதையும் நிரப்புங்கள்.
* ஏர் பில்டர்: கம்ப்யூட்டர் பேனைப் போலத்தான். தூசி அடைத்தால் இயந்திரம் திணறும்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம்

முதலாவது, 'கிக்பேக்'. ஓடும் செயினில் பாரின் மூக்கின் மேல் பகுதி கிளையில் பட்டால், கண் சிமிட்டும் நேரத்தில் ரம்பம் நம் முகத்தை நோக்கி எகிறும். செயின் பிரேக் இதற்காகவே உள்ளது. ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் சோதியுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். ஏணியில் நின்று அறுக்கவே கூடாது.

உயரக் கிளைகளுக்கென்றே 'போல் புரூனர்' இருக்கிறது. நம்மூர் தொரட்டியின் நுனியில் ரம்பம் பொருத்தியது என்று வைத்துக் கொள்ளுங்கள். அறுக்கும் கிளைக்கு நேர் கீழே நிற்காமல், தள்ளி நின்று சாய்வாகப் பிடியுங்கள். பெரிய கிளையைத் துண்டு துண்டாக, முதலில் அடியில் சிறிது, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது.

இரண்டாவது, மின்கம்பி. போல் புரூனரின் கம்பம் பெரும்பாலும் அலுமினியம். மின்சாரம் நேராக உடம்புக்கு வந்துவிடும். ரப்பர் செருப்பு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ஸ்டில் நிறுவனத்தின் கையேடுகள் கம்பியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி வேலை செய்யச் சொல்கின்றன. நம் தெருக்களில் அவ்வளவு இடம் ஏது? எனவே கம்பியை ஒட்டிய கிளை என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு போன் செய்யுங்கள். 2021 முதல் இயங்கும் இந்தச் சேவை 24 மணி நேரமும் உண்டு.

ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான், கையுறை, ஷூ இவற்றையும் இயந்திரத்தோடு சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். கையேட்டின் பாதுகாப்புப் பக்கங்களை மட்டுமாவது பிரிண்ட் எடுத்து, இயந்திரம் வைக்கும் இடத்திலேயே ஒட்டிவையுங்கள். உங்கள் வீட்டில் வேறு யார் அதை எடுத்தாலும் முதலில் அதுதான் கண்ணில் பட வேண்டும்.