அறுபது சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு

பெரிய கன்சல்டிங் நிறுவனம் ஒன்று கேம்பஸுக்கு வருகிறது என்றதும் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு ஒரு பட்டியலை ஒட்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும். சில நிறுவனங்களுக்கு 70. கையில் அரியர் இருக்கக் கூடாது. எழுதிப் பாஸ் செய்த பழைய அரியர் இருந்தாலே வேண்டாம் என்பவர்களும் உண்டு. 58 சதவீதம் வாங்கிய பிள்ளை தேர்வு அறைக்குள்ளேயே போக முடியாது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

அந்த முடிவு தவறு. நிறைய பேர் விண்ணப்பிக்கும் இடத்தில் சிலரை மட்டுமே உட்கார வைத்துப் பேச நேரம் இருக்கும். மற்றவர்களைக் கழிக்கக் கையில் கிடைத்த சுலபமான வடிகட்டி மதிப்பெண். அதை வைத்தவர்களே அதை முழுதாக நம்பவில்லை. பிரிட்டனில் இ.ஒய். நிறுவனம், பள்ளி மதிப்பெண்ணும் பட்ட வகுப்பும் நுழைவுத் தகுதியாக இனி இருக்காது என்று 2015-இல் அறிவித்தது. பல்கலைக்கழக மதிப்பெண்ணுக்கும், பின்னாளில் தொழில்முறைத் தேர்வுகளில் ஒருவர் பெறும் வெற்றிக்கும் தொடர்பு இருப்பதாகத் தங்கள் ஆய்வில் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பி.டபிள்யூ.சி. 2022-இல் அங்கே அதே வழிக்கு வந்தது. நம் ஊர் கேம்பஸ் தேர்வில் வடிகட்டி இன்னும் இருக்கிறது. ஆனால் நிறுவனத்துக்குள் போகக் கேம்பஸ் ஒன்றுதான் வழி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வழிகளைச் சொல்வதற்கு முன்னால் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்க் குறைந்த பிள்ளையின் பதற்றத்தை நம்பியே பிழைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது.

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வரும் அந்தச் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர், அதன் லோகோ, ‘பேக்டோர்’ வழியாக இன்னும் சில இடங்களே மிச்சம் என்ற அவசரம். இன்டர்வியூ தொலைபேசியில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மறுநாளே பி.டி.எஃப். வடிவில் ஆஃபர் லெட்டர் வரும். பிறகு பணம் கேட்பார்கள்: திருப்பித் தரப்படும் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் அனுப்பும் செலவு. மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ‘கேரியர்ஸ்’, ‘எச்.ஆர்.’ என்று ஒட்டி, கடைசியில் ஜிமெயில் என்று முடிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த நல்ல நிறுவனமும் வேலை தருவதற்காக விண்ணப்பதாரரிடம் காசு வாங்காது. இதற்கு விதிவிலக்கே கிடையாது. ஆஃபர் உண்மைதானா என்று தெரிய வேண்டுமானால், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள வேலைப் பக்கத்துக்கு நீங்களாகவே போய்ப் பாருங்கள். அவர்கள் அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் இன்னும் ஏதாவது வங்கிக் கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அதை முடக்க முடியும். ஒவ்வொரு மணி நேரம் தாமதிக்கும்போதும் அந்த வாய்ப்பு குறையும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்து, சாட், பணம் அனுப்பிய ரசீது, அழைப்பு வந்த எண் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். இப்படி ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வரும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

இரண்டாவது கூட்டம் பணத்தோடு நிற்காது, உங்களையும் குற்றவாளியாக்கிவிடும். போலி அனுபவச் சான்றிதழ், திருத்திய மார்க் ஷீட் ஆகியவற்றை விற்பவர்கள் இவர்கள். ‘எல்லாரும் பண்றதுதான் தம்பி’ என்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். சரிபார்க்கும் ஏஜென்சி பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கும். வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணை வாங்கி, எந்த நிறுவனம் எந்த மாதத்திலிருந்து உங்கள் பெயரில் பணம் கட்டியது என்று பார்க்கும். இரண்டு வருட அனுபவம் என்று சொன்னவர் கணக்கில் ஒரு மாதம்கூடக் காசு ஏறவில்லை என்றால் என்ன பதில் சொல்வது? வேலை போகும். போலி ஆவணத்தை உண்மையானது என்று காட்டியதற்காக வழக்கும் வரலாம்.

பெரிய பொய் சொல்லத் துணியாத பிள்ளைகளும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவத்தில் 59.4 என்பதை 60 என்று நிரப்புவது. கம்ப்யூட்டர் உள்ளே விட்டுவிடும். சரிபார்ப்பில் அதே 59.4 வெளியே வரும். சி.ஜி.பி.ஏ.-வைச் சதவீதமாக்குவதற்கு உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த வாய்பாட்டை மட்டும் பயன்படுத்துங்கள். வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள்.

மதிப்பெண்ணே தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்று தோன்றினால் அதற்கு முறையான வழி இருக்கிறது. விடைத்தாள் நகல் கேட்பதற்கும் மறுமதிப்பீட்டுக்கும் பல்கலைக்கழகங்கள் தரும் அவகாசம் குறுகியது. தேர்வு முடிவு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். அந்த நாள் தாண்டிவிட்டாலும், தன் விடைத்தாளைப் பார்ப்பது தகவல் உரிமைச் சட்டப்படி தேர்வு எழுதியவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். விடைத்தாளைப் பாதுகாக்கும் காலம் முடிந்துவிட்டால் அதுவும் பயன்படாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உண்மையான வாசல்கள். டெலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. நான்குக்கும் இந்தியாவில் இந்திய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் பிரிவு ஒன்று உண்டு. அதோடு, வெளிநாட்டுக் கிளைகளுக்காக ஹைதராபாத், பெங்களூரு போன்ற ஊர்களிலிருந்து இயங்கும் பெரிய மையங்களும் உண்டு. ரிஸ்க், வரி, தணிக்கை உதவி, டேட்டா என்று அங்கே வேலை பல வகை. ‘ஸ்ட்ராட்டஜி’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவது பெரிய நஷ்டம். சென்னையிலேயே 2006-இல் தொடங்கிய லேட்டன்ட்வியூ போன்ற டேட்டா அனலிட்டிக்ஸ் நிறுவனங்களும் இதே குடும்பம்தான். ஆஃப் கேம்பஸ் அறிவிப்புகளைத் தினமும் பாருங்கள். உங்கள் கல்லூரியில் படித்து அங்கே வேலை செய்யும் சீனியரிடம் ரெஃபரல் கேளுங்கள். ‘அண்ணா, வேலை வாங்கித் தாங்க’ என்று கேட்காமல், அந்த வேலையின் எண்ணையும் உங்கள் ஒரு பக்க ரெஸ்யூமேயையும் சேர்த்து அனுப்பினால் அவருக்கும் சுலபம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி சி.ஏ. படிப்பு. கல்லூரிப் பட்டத்தை வைத்து நேரடியாக அதன் இன்டர்மீடியட் நிலையில் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 60 சதவீதமும் வேண்டும். அது இல்லாதவர்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டே ஃபவுண்டேஷன் எழுதலாம். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நடைமுறைப் பயிற்சி இப்போது இரண்டு ஆண்டுதான். அதைப் பெரிய நிறுவனங்களிலேயே செய்ய முடியும். கடினமான படிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதை முடித்தவரிடம் கல்லூரி மார்க் என்ன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எம்.பி.ஏ. யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேட் எழுத 50 சதவீதம் போதும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 45 போதும். ஆனால் ஐ.ஐ.எம்.கள் பல, அழைப்பு அனுப்பும்போது பள்ளி மதிப்பெண்ணையும் சேர்த்து எடைபோடுகின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தக் கணக்கைப் படித்துவிடுங்கள்.

இன்டர்வியூவில் உட்கார்ந்த பிறகு மார்க்கின் ஆட்சி வெகுவாகக் குறைந்துவிடும். ‘சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை 20 லிட்டர் தண்ணீர் கேன் விற்கும்?’ என்று கேட்பார்கள். விடை யாருக்கும் தெரியாது. 70 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் பதினேழரை லட்சம் வீடு. அதில் 10 லட்சம் வீடு கேன் வாங்கும். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் தினம் சுமார் மூன்று லட்சத்து முப்பதாயிரம் கேன். அதன் மேல் அலுவலகம், ஹோட்டல், டீக்கடை. இப்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ‘மே மாதத்தில்?’ என்று இடைமறிப்பார்கள். எந்த எண்ணை மாற்றுவீர்கள், ஏன் மாற்றுவீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்துத் தினம் ஒரு கேள்வி பழகினால் வசப்படும்.

‘மார்க் ஏன் குறைவு?’ என்று கட்டாயம் கேட்பார்கள். உண்மையை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பகுதி நேர வேலை பார்த்தேன், முதல் வருடம் ஆங்கில வழிப் பாடம் புரியவில்லை, மூன்றாம் செமஸ்டரிலிருந்து ஏறியிருக்கிறது, பாருங்கள். ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆஃபர் வந்த மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் கடைசி ஆபத்து. மார்க் குறைந்தவர்களுக்கு வேறு கதி இல்லை என்று நினைக்கும் சில சின்ன நிறுவனங்கள் கடுமையான பாண்ட் போடுகின்றன. குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் தன்னளவில் செல்லாதது ஆகிவிடாது. பொதுத்துறை வங்கி ஒன்றின் 2 லட்சம் ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. ஆனால் எழுதியிருக்கும் தொகை முழுவதும் தானாகவே நிறுவனத்துக்குச் சேர்ந்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, அந்தத் தொகையைத் தாண்டாத, நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். வேலையை விட்ட பிறகும் இந்தத் துறையிலேயே எங்கும் சேரக் கூடாது என்று எழுதியிருந்தால் அது 27-ஆவது பிரிவின்படி செல்லாது.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், பார்த்த கையோடு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் மாதிரி பிடித்து வைக்கக்கூடியது அல்ல என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள், பிறகு பதிவுத் தபாலில். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு அங்கே வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் உதவி கேட்கலாம்.