துணி விற்ற காசில் நிலம் வாங்கிய ஓவியர்கள்!

தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக கிழக்கு கடற்கரைச் சாலைக்குப் போனால் ஈஞ்சம்பாக்கம் வரும். அங்கே இருக்கிறது சோழமண்டல ஓவியர் கிராமம். பஸ்சில் போகிறவர்கள் போர்டைப் பார்த்திருப்பார்கள். யாரோ பணக்காரர் தானமாகக் கொடுத்த இடம் என்று நினைத்தால் அது தப்பு.

துணிக்குச் சாயம் போட்டு விற்ற காசில் ஓவியர்களே வாங்கிய நிலம் அது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1960-களில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். படித்து முடித்த மாணவர்கள் பிழைக்க வழி இல்லாமல் திண்டாடினார்கள். படம் வாங்க ஊரில் ஆள் இல்லை. வயிற்றுக்காக வேறு வேலைக்குப் போனால், வரைவது அத்தோடு போச்சு.

பணிக்கர் ஒரு வழி சொன்னார். கொஞ்ச நேரம் கைத்தொழில், மீதி நேரம் ஓவியம். கைத்தொழிலில் கை கொடுத்தது "பாட்டிக்" துணி.

சங்கம் அமைத்தார்கள். துணிகள் விற்றன. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கிராமம் பிறந்தது. அன்றைக்கு அது வெறும் மணல் காடு. இன்றைக்கு அங்கே நிலத்தின் விலை என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

மெழுகு செய்யும் வேலை

பாட்டிக் என்பது ஜாவா தீவில் பேர்போன வேலை. கஞ்சி போக அலசிய பருத்தித் துணியில், உருக்கிய மெழுகால் படம் போடுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர் நிறம், மறுபடி மெழுகு, அப்புறம் அடர் நிறம். சாயம் ஆறி இருக்க வேண்டும். சூடாக இருந்தால் மெழுகு கரைந்து படமே போய்விடும். கடைசியில் துணியைக் கொதிநீரில் போட்டால் மெழுகு மிதந்து வரும்.

தேன்மெழுகு வளையும், பாரபின் மெழுகு நொறுங்கும். நொறுங்கிய வெடிப்பு வழியாகச் சாயம் புகுந்து மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுதான் பாட்டிக்கின் அழகு.

வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் உஷார்! மெழுகை நேராக அடுப்பில் வைக்கக்கூடாது. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ எகிறும். அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூட வேண்டும்.

போலி எது?

"பாட்டிக் டிசைன்" என்று மிஷினில் அடித்த துணியும் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலை என்றால் பின்பக்கமும் சாயம் ஊறி இருக்கும். மிஷின் துணியில் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். வெடிப்புக் கோடுகளையும் பாருங்கள். ஒரே கோடு அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது மிஷின் சரக்கு.

பணிக்கர் 1977-ல் காலமானார். துணி விற்றுப் பிழைத்த அந்தத் தலைமுறையின் ஓவியங்களை, கிராமத்தில் 2009-ல் திறந்த மியூசியத்தில் பார்க்கலாம்.