"மெசினில் போட்டதாலோ போனார்?"

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொவிட் நோயினால் உறவுகளைப் பறிகொடுத்த பெண்களோடு பேசும்போது ஒரு கேள்வி இன்னமும் வருகின்றது. "மெசினில் போடாமல் விட்டிருந்தால் மனுசன் தப்பியிருப்பாரோ?" சம்மதம் சொன்னது தான்தானே என்ற உறுத்தல் அதற்குள் இருக்கின்றது. போரிலே பிள்ளையை இழந்து, மிஞ்சியிருந்த துணையையும் இப்படி இழந்த ஒருத்தியிடம் "விதி" என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது. அதனால்தான் இதனை எழுதுகின்றேன்.

செயற்கைச் சுவாசக் கருவி நோயைக் குணமாக்குவதில்லை. நுரையீரல் களைத்துப்போன நாட்களில் அதற்குப் பதிலாக மூச்சு விட்டு, உடல் தேறுவதற்கு அவகாசம் தருகின்றது. அதற்காக வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் இறக்கப்படும். சுகமாக இருக்கும்போது இருமல்தான் எங்கள் நெஞ்சுக்குக் காவல். குழாயும் போட்டு மயக்க மருந்தும் கொடுத்தபின் நோயாளியால் ஒழுங்காக இரும முடியாது. எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்கிக் குழாயின் ஓரமாகச் சிறிது சிறிதாக உள்ளே கசியும். குழாயின் உட்புறத்திலும் கிணற்றுக்கட்டில் பாசி பிடிப்பதுபோலக் கிருமிகள் படியும். இவ்வாறு குழாய் போட்டு 48 மணித்தியாலங்களுக்குப் பின்னர் வருகின்ற நிமோனியா வேறு. கொரோனா வைரஸ் கொண்டுவந்த நிமோனியா வேறு.

இந்த இரண்டாவது நிமோனியாவை உண்டாக்குபவை பெரும்பாலும் பக்ரீரியாக்கள். கிளெப்சியெல்லா எங்கள் குடலிலேயே இருப்பது. ஸ்ரபிலோகொக்கஸ் மூக்கிலும் தோலிலும் இருப்பது. சூடோமோனாஸ் ஈரமான இடங்களை விரும்பும். அசினிற்றோபக்ரர் காய்ந்த கட்டில் கம்பியிலும் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்தக் கடைசிக் கிருமிக்குப் போருடனும் தொடர்பு உண்டு. 2003இல் தொடங்கிய ஈராக் போரில் காயப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களிடம் இது பரவியபோது, ஈராக்கின் மண்ணிலிருந்து வந்ததென்றே முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சையளித்த கள வைத்தியசாலைகளுக்குள்தான் அது பரவியிருந்தது. மண்மீது வீண்பழி!

பெருந்தொற்றின் முதல் அலையில் ஐரோப்பாவின் 36 அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆராய்ந்தார்கள். சுவாசக் கருவியில் இருந்த கொவிட் நோயாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இப்படியான கீழ்ச்சுவாசத் தொற்று ஏற்பட்டிருந்தது. இன்புளுவன்சா நோயாளர்களில் அது நூற்றுக்கு 30 பேரளவில்தான். கொவிட் நோயாளர் நீண்ட நாட்கள் கருவியில் கிடந்தார்கள். வீக்கத்தைக் குறைக்கக் கொடுத்த டெக்சாமெதசோன் பல உயிர்களைக் காத்தது உண்மை, ஆனால் அது உடலின் எதிர்ப்பையும் சற்றுத் தணிக்கும். ஒரு தாதி வழமையைவிடப் பல மடங்கு நோயாளரைப் பார்க்க நேர்ந்ததையும் மறக்கலாகாது.

சிக்காகோவில் 585 நோயாளரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. கருவியில் இருக்கையில் வந்த நிமோனியா மாறாதவர்களே கூடுதலாக இறந்தார்கள். அது மாறியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆகவே சகோதரிகளே, மெசின் கொல்லவில்லை. அந்த நிலையில் அது இல்லாவிட்டால் மூச்சு அப்போதே நின்றிருக்கும். சம்மதம் சொன்ன நீங்கள் பிழை செய்யவில்லை.

கிருமிக்கு மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றது, ஆனால் பல மருந்துகளுக்கு இக்கிருமிகள் பழகிவிட்டன. சில வேளைகளில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கொலிஸ்ரின் என்ற பழைய மருந்தை எடுக்கவேண்டி வருகின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் வைத்தியசாலைகளில் இருந்த கொவிட் நோயாளரில் நூற்றுக்கு 8 பேருக்கே பக்ரீரியாத் தொற்றும் இருந்ததாகவும், நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டதோ ஏறத்தாழ 75 பேருக்கு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024இல் தெரிவித்தது. நாங்கள் மட்டும் என்ன, தடிமன் வந்தவுடன் பக்கத்து வீட்டு மிச்சக் குளிசையை வாங்கி விழுங்குகிறோம்தானே.

நாளை உங்களவர் ஒருவர் கருவியில் இருக்க நேர்ந்தால், கட்டிலருகே போகுமுன்னும் வரும்போதும் கையைக் கழுவுங்கள். தலைப்பக்கம் 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்தியிருக்கிறதா, வாய் துப்புரவு செய்யப்படுகின்றதா என்று பாருங்கள். குழாயை எப்போது எடுத்துப் பார்ப்பார்கள் என்பதை நாளாந்தம் தாதியிடம் பணிவாகக் கேளுங்கள். எவ்வளவு விரைவாக எடுக்க முடிகின்றதோ, கிருமிக்கு அவ்வளவு நாட்கள் குறைவு.