கராச்சியில் சிறைபட்ட 'கொசு'!
தானா இறங்கியதா? மிரட்டி இறக்கினார்களா?

கராச்சியில் உள்ள பாகிஸ்தான் விமானப்படை மியூசியத்தில் ஒரு குட்டி விமானம் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ பிடித்துக் கொள்கிறார்கள். அதன் நம்பர் ஐ.இ. 1083.

அது பாகிஸ்தான் விமானம் அல்ல. இந்திய விமானப்படையின் 'நாட்' சண்டை விமானம்!

'நாட்' என்றால் கொசு மாதிரி கடிக்கும் சின்னப்பூச்சி. பொருத்தமான பெயர்தான். இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 22 அடி. டவுன் பஸ் கூட அதைவிட நீளம்!

இங்கிலாந்தில் பெட்டர் என்ற என்ஜினீயர் வடிவமைத்தது. 1955-ல் முதன் முதலாகப் பறந்தது. ஆனால் இதை சண்டைக்கு எடுத்துக்கொள்ள இங்கிலாந்து விமானப்படைக்கு மனசு வரவில்லை. பயிற்சிக்கு மட்டும் இரண்டு சீட் விமானமாக வாங்கியது. இந்தியா துணிந்து வாங்கியது. பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையிலும் செய்தார்கள்.

பசுரூரில் நடந்தது

1965 செப்டம்பர் முதல் வாரம். போர் மூண்டிருந்த நேரம். பதான்கோட்டில் இருந்து புறப்பட்ட நாட் விமானங்களில் ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்தது. ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ்பால் சிங் சிகந்த்.

கீழே ஒரு ஓடுபாதை தெரிந்தது. இறங்கினார். அது பாகிஸ்தானில் உள்ள பசுரூர்! கைவிடப்பட்டுக் கிடந்த விமான தளம். சிகந்த் கைதானார். விமானம் பிடிபட்டது.

தகராறு இங்கேதான். தங்கள் 'ஸ்டார்பைட்டர்' விமானம் மிரட்டி இறக்கியது என்கிறது பாகிஸ்தான். வழி தவறி, எண்ணெயும் குறைந்து போய், நம் தளம் என்று நினைத்து இறங்கிவிட்டார் என்கிறார்கள் இங்கே. ஸ்டார்பைட்டர் ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம் போகும். ஆனால் சட்டென்று வளைந்து திரும்புவதில் நாட்தான் கில்லாடி. அதை மடக்கி இறக்குவது லேசுப்பட்ட காரியமா?

பிடித்த விமானத்தை பாகிஸ்தான் விமானியே சர்கோதாவுக்கு ஓட்டிப்போனார். சிகந்த் போருக்குப்பின் விடுதலையாகி வந்தார். அந்தச் சம்பவத்தால் அவர் வாழ்க்கை முடங்கிவிடவில்லை. ஏர் மார்ஷல் வரை உயர்ந்தார்!

அதே போரில், செப்டம்பர் 3-ந்தேதி டிரெவர் கீலர் நாட் விமானத்தில் போய் 'சேபர்' ஒன்றை அடித்தார். வீர சக்கரம் கிடைத்தது. சேபர் விழுந்தது என்றார்கள் இங்கே. அடிபட்டும் தளத்துக்குத் திரும்பிவிட்டது என்றார்கள் அங்கே. அதிலும் இரண்டு கதை!

1971 டிசம்பர் 14-ந்தேதி ஸ்ரீநகரில் சேபர் விமானங்களைத் தன்னந்தனியாக எதிர்த்து உயிர் விட்ட நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நாட்தான். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம வீர சக்கரம் அவருடையது.

அந்தப் போரை எல்லாம் 1083 பார்க்கவில்லை. அதற்கு 6 வருஷம் முன்பே அது பிடிபட்டு விட்டது.