ஒரே மண்ணுக்கு இரண்டு முடிவா?

ஸ்ரீரங்கம் படுகை வாழைத் தோட்டத்தில் எடுத்த மண்ணை இரண்டாகப் பிரித்து, திருச்சியில் இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் சாம்பல் சத்து எக்டருக்கு 270 கிலோ. மற்றொன்றில் 295 கிலோ. 118 முதல் 280 கிலோ வரை 'மத்திமம்', அதற்கு மேல் 'அதிகம்'. ஓர் அட்டை பொட்டாஷைக் குறைக்கச் சொல்லும், மற்றொன்று சொல்லாது. சாம்பல் சத்தை அதிகம் கேட்கும் வாழைக்கு எதை நம்பி உரமிடுவது?

எண்ணுக்குள் ஒரு வரம்பு

எந்த அளவீட்டிலும் சிறிது ஏற்ற இறக்கம் இருக்கும். இதை 'அளவீட்டு நிச்சயமின்மை' என்கிறோம். இது தவறு அல்ல. மருந்து, உணவு ஆய்வகங்களுக்கும் இது பொருந்தும். பல ஆய்வகங்கள் ஒரே மாதிரியைச் சோதித்த முடிவுகளைத் தொகுத்த அமெரிக்க அறிவியலாளர் வில்லியம் ஹார்விட்ஸ், 1980-ல் ஓர் உண்மையைச் சொன்னார்: பொருளின் செறிவு நூறு மடங்கு குறைந்தால், ஆய்வகங்களுக்கு இடையிலான வேறுபாடு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு சதவீதச் செறிவில் 4 சதவீத வேறுபாடு; பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 16 சதவீதம்.

நம் அட்டைகளில் நிச்சயமின்மை 10 சதவீதம் என்று கொண்டால், 270 என்பது 243 முதல் 297 வரை. 295 என்பது சுமார் 265 முதல் 325 வரை. இரண்டும் ஒன்றோடொன்று படிகின்றன. ஆகவே முரண்பாடு இல்லை. உங்கள் மண் எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஓர் அட்டையை மட்டும் பார்த்து பொட்டாஷை வெட்டிவிடாதீர்கள். முடிவுகள் 180, 320 என்று விலகி நின்றால்தான் காரணம் தேட வேண்டும்.

காரணம் எங்கே?

முதலில் மாதிரியைப் பாருங்கள். பல நேரம் ஆய்வகத்தைவிட வயலில்தான் பிழை பெரிது. வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், உரமிட்ட குழி ஆகியவற்றைத் தவிர்த்து, 10 முதல் 15 இடங்களில் ஒரே ஆழத்தில் மண் எடுங்கள். நன்கு கலந்து, கால் பங்கீட்டு முறையில் அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்தது முறை. மணிச்சத்தை ஒருவர் ஓல்சன் முறையிலும் இன்னொருவர் பிரே முறையிலும் அளந்தால் எண்களை ஒப்பிட முடியாது. கார அமில நிலையும் மண்ணுக்கு எத்தனை பங்கு நீர் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட முடிவெடுப்போர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய மூன்று

எந்த முறையில் சோதித்தீர்கள்? நிச்சயமின்மை எவ்வளவு? ஆய்வகங்களுக்கு இடையிலான ஒப்பீட்டுச் சோதனையில் பங்கேற்கிறீர்களா? ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இவற்றுக்குப் பதில் சொல்லும். அடுத்த முறை அதே ஆய்வகத்தில், அதே பருவத்தில் சோதியுங்கள். அப்போதுதான் சத்து கூடுகிறதா, குறைகிறதா என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.